பத்து அங்குலப் பொய்

அமெரிக்காவின் டெக்சஸ், அலபாமா, டென்னசி மாநில நீர்த்தேக்கங்களில் கோடையில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களின் பையில் தவறாமல் ஒரு பிளாஸ்டிக் புழு இருக்கும். நீளம் பத்து அங்குலம், ஒரு சாணுக்கும் கொஞ்சம் கூடுதல். கத்தரிப்பூ நிறத்தில் பச்சை மினுக்கு, நாடாபோல் நெளிந்த வால், சில சமயம் சோம்பு வாடை. இப்படி ஓர் உயிரினம் அந்த ஏரிகளில் இல்லை. வேறு எந்த ஏரியிலும் இல்லை. மண்புழுகூட மண்ணுக்குரியதுதான். மழைவெள்ளம் அடித்துக்கொண்டு வந்தால் ஒழிய அது மீனின் கண்ணில் படப்போவதில்லை.

இருந்தும் பாஸ் அதை விழுங்கப் பார்க்கிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இது நடந்துகொண்டிருக்கிறது. மீனுக்கு அறிவு குறைவு என்று சொல்லிக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்தால், வேதியியலும் விலங்கியலும் சந்திக்கும் ஒரு நல்ல இடத்தைத் தவறவிட்டுவிடுவோம். பாஸ் தன் எதிரே நெளியும் பொருளிடம் 'நீ யார்?' என்று கேட்பதில்லை. துரத்தும் அளவுக்கு இது பெரிய தீனியா? உயிருள்ளதா? வாய்க்குள் வந்தபின் தின்னத் தக்கதா? இந்த மூன்றைத்தான் சோதிக்கிறது. மூன்றிலும் தேறுகிற பொருள் எதைப் போலத் தோன்றினாலும் அதற்குக் கவலையில்லை. பத்து அங்குலப் புழு மூன்றிலும் தேறுகிறது. மூன்றுக்கும் அடிப்படையாக இருப்பது அதன் மென்மை.

ஏக்ரனில் பிறந்த மென்மை

அந்த மென்மைக்கு ஊரும் ஆண்டும் உண்டு. ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரம் டயர்த் தொழிலால் ரப்பர் நகரம் என்று பெயர் பெற்றது. அங்கே பி. எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பாலிவினைல் குளோரைடு, நாம் குழாய்களில் அன்றாடம் பார்க்கிற பிவிசி, அப்போது எதற்கும் உதவாத விறைத்த பொடி. 1926இல் அதைக் கொதிநிலை மிகுந்த கரைப்பான்களில் போட்டுச் சூடாக்கினார் செமன். பசை கிடைக்கவில்லை. வளைந்து நெளிந்து மீண்டும் பழைய உருவத்துக்குத் திரும்புகிற ஒரு பொருள் கிடைத்தது. மழைக்கோட்டு, மின்கம்பி உறை, தரைவிரிப்பு என்று பிறகு உலகமெங்கும் பரவிய வினைல் அதுதான்.

பிவிசி மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சங்கிலி நெடுகக் குளோரின் அணுக்கள் இருப்பதால், பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றையொன்று மின்னிழுப்பால் இறுகப் பற்றிக்கொள்கின்றன. விறைப்புக்குக் காரணம் இது. எண்ணெய் போன்ற சிறு மூலக்கூறுகளை இடையில் புகுத்தினால் சங்கிலிகள் விலகி, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். இந்த எண்ணெய்க்கு நெகிழ்விப்பான் என்று பெயர். அது சங்கிலிகளோடு வேதிப் பிணைப்பு எதுவும் கொள்வதில்லை. இடையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கடைசிச் செய்தி பின்னால் தேவைப்படும்.

அதே ஏக்ரனில், 1949இல், நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளியும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டு அடுப்பில் வினைலைக் காய்ச்சி, மண்புழு வடிவ அச்சில் ஊற்றினார்கள். கடினப் பொருள்களால் ஆன பொய்யிரைகளே பெருவழக்காக இருந்த காலம் அது. கிரீம் புழு தொட்டால் துவண்டது, தூக்கினால் தொங்கியது, நீரில் ஆடியது. கிழக்கு டெக்சஸில் அப்போது புதிது புதிதாக அணைகள் எழுந்துகொண்டிருந்தன. மூழ்கிய காடுகளின் நடுவே பாஸ் பெருகியது. தன் புழுக்களுக்கு அங்கேதான் பெரிய சந்தை என்று கண்டுகொண்ட கிரீம், 1960 வாக்கில் தொழிலை டெக்சஸின் டைலர் நகரத்துக்கே கொண்டுபோய்விட்டார்.

வீட்டு அடுப்பிலேயே செய்ய முடிந்தது என்பது தற்செயல் இல்லை. இன்றும் இந்தப் புழுக்கள் பிளாஸ்டிசால் என்ற திரவத்திலிருந்தே வார்க்கப்படுகின்றன. நுண்ணிய பிவிசித் துகள்கள் நெகிழ்விப்பானில் மிதக்கும் பால் போன்ற கலவை அது. எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். சூடேற்றினால் துகள்கள் எண்ணெயை உறிஞ்சி உப்புகின்றன, கலவை கெட்டிப்படுகிறது. சுமார் 175 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, வேகும் ஜவ்வரிசி வெண்மை போய்க் கண்ணாடியாவதுபோல, முழுக் கலவையும் தெளிந்து இளகி ஓடுகிறது. அச்சில் ஊற்றி ஆறவிட்டால் புழு தயார். அடுப்பைச் சற்றுக் கவனிக்காமல் விட்டால் பழுப்பேறி, நெடி மிகுந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத இடத்தில் இதைச் செய்யக்கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

கிரீமின் முதல் புழு மண்புழுவைப் பார்த்துச் செய்த நகல். அதற்குப் பின் வந்த தலைமுறைகள் நகலிலிருந்து விலகிக்கொண்டே போயின. நீளம் கூடியது, வால் நாடாவானது, நிறம் ஊதாவானது. விலக விலக மீன் குறையவில்லை. தூண்டில்காரர்கள் ஆண்டுதோறும் நடத்திய இந்தச் சோதனையின் முடிவு தெளிவாக ஒன்றைக் காட்டியது: பாஸ் தேடுவது மண்புழுவை அல்ல.

உறிஞ்சும் வாய்

இங்கே பாஸ் என்பது பெருவாய்ப் பாஸ். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், பேரேரிகள் முதல் ஃபுளோரிடா வரை, வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் சூரியமீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பொதுவாக ஒன்றிரண்டு கிலோ எடை. உலகச் சாதனை பத்துக் கிலோவைச் சற்றே தாண்டும்: 1932இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஏறத்தாழ ஒரு அவுன்ஸ் கூடுதல். விதிப்படி அந்த வித்தியாசம் போதாது என்பதால் இரண்டும் சமம் என்று பதிவானது. பெர்ரியின் தூண்டிலில் இருந்தது கடினப் பொய்யிரை, குரிட்டாவினுடையதில் உயிருள்ள மீன். பிளாஸ்டிக் புழுவின் புகழ் சாதனை மீன்களால் வந்தது அன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. வாயும் தொண்டையும் செவுள் மூடிகளும் ஒரு நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிகின்றன. உள்ளே அழுத்தம் சட்டென்று குறைகிறது. எதிரே உள்ள நீர் இரையோடு சேர்ந்து பாய்ந்து வருகிறது. இவ்வளவு வேகத்துக்கு வலு எங்கிருந்து வருகிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்-கதிர்ப் படக்கருவிகளால் பாஸின் எலும்புகளின் அசைவைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான அவர்களின் முடிவு பலருக்கு வியப்பு. தலையில் உள்ள சிறு தசைகளின் பங்கு மிகக் குறைவு. உறிஞ்சும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் உடலின் நீந்தும் தசைகளிலிருந்தே வருகிறது. வாலை அசைக்கிற அதே தசை மண்டையோட்டைப் பின்னுக்கு இழுத்து வாயைத் திறக்கிறது. மீன் மொத்த உடம்பாலும் வாய் பிளக்கிறது என்று சொல்லலாம்.

இந்த உறிஞ்சலுக்கு எட்டும் தொலைவு குறைவு. வாயின் விட்டம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருளைத்தான் வலுவாக இழுக்க முடியும். அதற்கு அப்பால் இழுவை மளமளவென்று விழுந்துவிடும். ஆகவே மீன் இரையின் அருகே வந்தாக வேண்டும். அருகே வருகிறபோது இரையைப் பற்றி அதற்குக் கிடைக்கும் தகவலும் கூடுகிறது. நல்ல பொய்யிரைக்கு அந்தக் கடைசிச் சாண் தூரம்தான் சோதனைக் களம்.

அகலமில்லாத நீளம்

முதல் கேள்விக்கு வருவோம்: துரத்தும் அளவுக்குப் பெரியதா?

வேட்டையாடும் விலங்கின் கணக்கு வரவு செலவுக் கணக்கு. இரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வரவு. தேடவும் துரத்தவும் அடக்கி விழுங்கவும் ஆகும் நேரமும் உழைப்பும் செலவு. பெரிய பாஸுக்குச் சிறு இரை கட்டுப்படியாகாது. அதன் உடம்பை ஓட்ட ஒரு நாளைக்குப் பல சிறு மீன்களைத் துரத்த வேண்டியிருக்கும். ஒரே பெரிய இரை கிடைத்தால் வேலை முடிந்தது. ஆனால் பெரிய இரைக்கு ஒரு தடை உண்டு: வாயின் அகலம். பாஸ் மென்று தின்பதில்லை, முழுசாக விழுங்குகிறது. 25 சென்டிமீட்டர் நீளமுள்ள புளூகில் மீனுக்கு முதுகிலிருந்து வயிறு வரை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரம்; போதாததற்கு முதுகில் கூரிய முட்கள். ஒரு கிலோ பாஸின் வாய் நான்கைந்து சென்டிமீட்டர்தான் விரியும். அந்த இரை அதற்கு எட்டாக்கனி.

பத்து அங்குலப் புழுவுக்கு அதே 25 சென்டிமீட்டர் நீளம். தடிமனோ ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. முள் இல்லை, செதில் இல்லை, தப்பி ஓடும் வேகமும் இல்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது பெரிய தீனி. விழுங்கும்போது ஒரு தடையும் இல்லை. வரவுப் பக்கம் முழுத் தொகையும் செலவுப் பக்கம் ஏறத்தாழப் பூஜ்யமும் இருக்கிற பேரம் இது. மீனின் கணக்கில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே பெரிய புழு நுழைகிறது.

இயற்கையில் இப்படிப்பட்ட நீள உருவங்கள் பாஸுக்குப் பழக்கமில்லாதவையும் அல்ல. விலாங்கு, நீர்ப்பாம்பு, அட்டை எல்லாம் அதன் நீர்நிலைகளில் உண்டு. ஃபுளோரிடாவின் சதுப்பு நீர்களில் சைரன் என்ற நீள உடல் சாலமாண்டர் இருக்கிறது. பின்னங்கால்களே இல்லாத அந்தப் பிராணியின் பெரிய இனம் அரை மீட்டரைத் தாண்டி வளரும். பெரிய புழு இவற்றில் எதையும் அச்சாகக் காட்டுவதில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சத்தை மட்டும் காட்டுகிறது.

பெரிய புழு போட்டால் பெரிய மீன் மட்டுமே மாட்டும் என்ற நம்பிக்கையும் இதே காரணத்தால் முழு உண்மை ஆகாது. பெரிய இரை சராசரியில் பெரிய மீனைக் கொண்டுவருகிறது. ஆனால் தடிமன் குறைவு என்பதால் முக்கால் கிலோ மீனும் தயங்காமல் வாய் வைக்கும். தன் நீளத்தில் முக்கால் பங்கு இருக்கும் புழுவை விழுங்கப் பார்க்கிற பாஸைக் கண்டு தூண்டில்காரர்கள் சிரிப்பதுண்டு.

நெளிவின் கணிதம்

இரண்டாம் கேள்வி: உயிருள்ளதா? இதற்குப் பதில் சொல்வது அசைவு.

ஒரு பட்டையின் தடிமனைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிறது. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. நீளத்தின் பக்கம் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை அதே விசையால் தள்ளினால், நீளம் இரட்டிக்கும்போது வளைவு எட்டு மடங்காகிறது. ஆறு அங்குலப் புழுவைக் காட்டிலும் அதே தடிமனும் அதே பிளாஸ்டிக்கும் கொண்ட பன்னிரண்டு அங்குலப் புழு எட்டு மடங்கு துவளும் என்று பொருள். பெரிய புழு சிறிய புழுவின் பெரிதாக்கிய படம் இல்லை. அது வேறு வகையில் ஆடும் வேறு பொருள்.

இதனால் தூண்டில்காரருக்கு வேலை குறைகிறது. கழியின் நுனியை ஒரு சாண் உயர்த்தி விட்டாலே போதும். அந்தச் சிறு இழுப்பு தலையிலிருந்து வால் வரை அலையாக ஓடுகிறது. நாடா வாலோ, புழு தானே கீழே இறங்கும்போதுகூட நீரின் எதிர்ப்பில் படபடக்கிறது. மெல்லிய வாலின் இரு விளிம்பிலும் நீர் மாறி மாறிப் பிரிந்து சிறு சுழல்களாக உதிர்கிறது. அந்தச் சுழல்களே வாலை மறுபுறம் தள்ளி ஆட்டத்தைத் தொடர வைக்கின்றன.

இந்தச் சுழல்கள் மீனுக்குச் செய்தி. மீனின் விலாவில் செவுள் முதல் வால் வரை ஓடும் கோடு வெறும் அடையாளமன்று. அதன் அடியில் நீரின் அசைவை உணரும் உறுப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்மயிர்ச் செல்கள், அவற்றின்மேல் கூழ் போன்ற ஒரு தொப்பி. நீர் அசைந்தால் தொப்பி சாய்கிறது, நரம்பு துடிக்கிறது. நொடிக்கு இருநூறுக்கும் குறைவான மெதுவான அதிர்வுகளுக்கு இது நன்கு இசைந்த புலன். மீனின் உடல் நீளத்தில் ஓரிரு மடங்கு தூரத்துக்குள்தான் வேலை செய்யும். கலங்கிய நீரிலும் இரவிலும் பாஸ் கடைசிச் சாண் தூரத்தைக் கடப்பது பெரும்பாலும் இதன் துணையால். கடினப் பொய்யிரைகள் பல நீரை உரக்கத் தட்டுகின்றன. நீண்ட புழு முணுமுணுக்கிறது. அந்த அளவுதான் நிஜ இரையின் அளவு.

வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. குளிர்ந்தால் நெகிழ்விப்பான் கலந்த பிவிசி விறைக்கும். குளிர்காலத்தில் அதே புழு கம்பிபோல் இறங்கும். கோடை வெதுவெதுப்பில் முழுசாகத் துவளும். மீனின் உடலும் அந்த வெப்பத்தில்தான் வேகமாகச் செரிக்கிறது, அதிகம் தின்கிறது. பெரிய புழுவுக்குக் கோடைதான் பருவம் என்று தூண்டில்காரர்கள் சொல்வதில் பிளாஸ்டிக்கின் இயல்பும் மீனின் இயல்பும் ஒரே திசையில் நிற்கின்றன.

இடம்கூட அப்படித்தான் முடிவாகிறது. டென்னசி ஆற்றில் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் பின்னால் விரியும் கென்டக்கி ஏரி போன்ற நீர்த்தேக்கங்களின் அடியில் பழைய ஆறு இன்னும் பள்ளமாகக் கிடக்கிறது. பல தேக்கங்களில் கோடையில் வெதுவெதுப்பான மேல்நீர் ஓர் அடுக்காகவும் குளிர்ந்த கீழ்நீர் இன்னோர் அடுக்காகவும் பிரியும்; கீழ் அடுக்கில் ஆக்சிஜன் குறையும். பாஸ் கூட்டமாகப் பழைய ஆற்றங்கரையின் விளிம்பில், ஆக்சிஜன் உள்ள மேலடுக்கின் அடிப்பகுதியில் நிற்கும். பாஸுக்கு இரையாகும் ஷாட் மீன் கூட்டங்கள் அவ்வழியே போகும். கனத்த குண்டோடு புழுவை அந்த விளிம்பில் இறக்கித் தரையோடு இழுப்பது அங்கே கோடைக்காலத்துப் பிரதான வித்தை.

பாஸ் காணும் நிறங்கள்

கடைகளில் இந்தப் புழுக்களின் நிறங்களுக்குக் கணக்கில்லை. ஜூன்பக், ரெட்பக், கிரீன் பம்ப்கின், கறுப்பு-நீலம் என்று பெயர்கள் நீளும். வாங்குபவர் கண்ணுக்கு ஒவ்வொன்றும் தனி. மீனின் கண்ணுக்கு?

மனிதக் கண்ணில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. பாஸின் கண்ணில் இரண்டே. ஒன்று பச்சை ஒளிக்கு, சுமார் 535 நானோமீட்டர் அலைநீளத்தில். மற்றது சிவப்புக்கு, சுமார் 614 நானோமீட்டரில். நீலத்துக்கெனத் தனிக் கூம்பு கிடையாது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாஸ் மீன்களுக்கு நிறப் பாடம் நடத்திப் பார்த்தார்கள்: குறிப்பிட்ட நிறத்தை நோக்கிப் போனால் தீனி. 2019இல் வெளியான அந்த ஆய்வில், சிவப்பையும் பச்சையையும் மீன்கள் நன்றாகவே பிரித்தறிந்தன. வெளிர் பச்சைமஞ்சளை வெள்ளையிலிருந்தும், நீலத்தைக் கறுப்பிலிருந்தும் பிரிக்கத் திணறின.

ஆக, கலங்கல் நீருக்கென்று தூண்டில்காரர்கள் விரும்பி வாங்கும் கறுப்பு-நீலப் புழு, மீனின் பார்வையில் ஒரே இருண்ட உருவமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது வீண் என்று இதற்குப் பொருளில்லை. மங்கலான நீரில், மேலிருந்து வரும் வெளிச்சத்துக்கு எதிரே அடர்ந்த நிழலுருவம் தெளிவாகத் தெரியும். பெரிய புழு பெரிய நிழலுருவம். நிறத்தின் நுணுக்கத்தில் பாதி கடைக்காரருக்கு, பாதி மீனுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாய்க்குள் கிடைக்கும் அவகாசம்

மூன்றாம் கேள்விதான் எல்லாப் பொய்யிரைகளுக்கும் கடினமானது. பாஸின் உதட்டிலும் வாயினுள்ளும் சுவை மொட்டுகள் உண்டு, தொடுவுணர்வும் உண்டு. உறிஞ்சிய அதே வாய் நீரைத் திருப்பித் தள்ளி ஒரு பொருளைத் துப்பவும் வல்லது. மரமும் உலோகமும் வாய்க்குள் போன கணமே தாம் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவற்றில் தூண்டில் முட்கள் வெளியே தொங்குகின்றன, மீன் துப்புவதற்குள் முள் ஏற வேண்டும் என்று.

புழு வாய்க்குள் நசுங்குகிறது. நிஜ இரையும் நசுங்கும். இந்த ஒற்றுமை மீனைத் தயங்க வைக்கிறது, தயக்கம் தூண்டில்காரருக்கு அவகாசம். அந்த அவகாசத்தை நீட்டத்தான் உப்பும் மணமும். 1980களிலிருந்து பிளாஸ்டிசாலில் உப்பைக் கலந்து வார்ப்பது பரவியது. உப்பின் சுவையால் மீன் கூடுதல் நேரம் வைத்திருக்கும் என்பது அதன் ஆதரவாளர்கள் வாதம். பௌதிகம் உறுதியாகச் சொல்வது இன்னொன்று: உப்பின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் உப்புப் புழு குண்டு இல்லாமலே ஆடியபடி இறங்கும்.

மென்மைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூழ்கிய மரங்களும் நீர்ப்பாசியும் நிறைந்த டெக்சஸ் ஏரிகளில் வெளியே நீட்டிய முள் எதையாவது பற்றிக்கொள்ளும். அங்கே பிறந்த தீர்வு டெக்சஸ் பூட்டு: தங்கூசியில் துப்பாக்கி ரவை வடிவில் ஒரு குண்டு, அதன் கீழே முள், முள்ளின் கூர் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைந்திருக்கும். கிளைகளின் மேல் அது வழுக்கிப் போகும். மீன் கவ்வியதும் கழியை ஓங்கிச் சுண்டி இழுத்தால், கூர் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு வெளிவந்து மீனின் தாடையில் ஏறும். பிளாஸ்டிக் கெட்டியாக இருந்தால் இந்த வித்தை நடக்காது. பெரிய புழுவில் ஒரு சிக்கல்: நீளமெல்லாம் வாய்க்குள் சுருண்டு முள்ளுக்குக் குறுக்கே நிற்கும். அதனால்தான் பெரிய முள், விறைத்த கழி, தடித்த தங்கூசி. வாலை மட்டும் பற்றி இழுத்துவிட்டுப் போகும் மீன்களுக்கு இதிலும் மருந்தில்லை.

ஏமாறாத மீன்கள்

மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும் பொருள் என்றால் எல்லா மீனும் மாட்ட வேண்டுமே? இல்லினாய் மாநிலத்தின் ரிட்ஜ் ஏரியில் நடந்த நெடுங்கால ஆய்வு வேறு கதை சொல்கிறது. அங்கே பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளம் இட்டுத் திரும்ப விட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1980இல் ஏரியை வடித்தபோது 1,700க்கும் மேற்பட்ட மீன்கள் கிடைத்தன. அவற்றில் ஏறத்தாழ 200 மீன்கள் ஒருமுறைகூடப் பிடிபடாதவை. பலமுறை திரும்பத் திரும்ப மாட்டிய மீன்களும் இருந்தன.

எளிதில் மாட்டியவற்றைத் தனியாகவும் மாட்டாதவற்றைத் தனியாகவும் இனப்பெருக்கம் செய்து மூன்று தலைமுறை பார்த்தார்கள். இரு வம்சங்களுக்கும் இடையே இடைவெளி தலைமுறைக்குத் தலைமுறை கூடியது. தூண்டிலுக்கு இணங்கும் குணம் ஓரளவு பரம்பரையாக வருகிறது. அதன் பரம்பரைப் பங்கு ஏறத்தாழ 15 சதவீதம் என்று 2009இல் வெளியிட்டார்கள். தொடர்ந்து வந்த ஆய்வு இன்னொன்றைக் கண்டது. எளிதில் மாட்டும் ஆண் மீன்களே கூட்டைக் காப்பதிலும் முனைப்பானவை. எதிரே வருவதை எல்லாம் தாக்கும் குணம் குஞ்சுகளைக் காக்கிறது. அதே குணம் தூண்டிலிலும் மாட்டிவிடுகிறது. மனிதன் நல்ல தகப்பன்களை ஏரியிலிருந்து பொறுக்கி எடுக்கிறான் என்று ஆகிறது.

அமெரிக்கப் பாஸ் தூண்டில்காரர்கள் பெரும்பாலும் மீனைப் பிடித்தபின் விட்டுவிடுகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் ரே ஸ்காட் தன் பாஸ் போட்டிகள் வழியே பரப்பிய வழக்கம் இது. விடப்படும் மீன் பிழைக்கிறதா என்பது முள் எங்கே ஏறியது என்பதைப் பொறுத்தது. இங்கே மென்மை தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மீன் துப்பாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் புழு தொண்டையை நோக்கி நகரும் நொடி. செவுளருகிலோ தொண்டையிலோ முள் ஏறிய மீன் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. தூண்டில்காரர் கை விரைவாக இருப்பது மீனுக்கும் நல்லது.

ஏரி வைக்கும் தேர்வு

மென்மையின் இன்னொரு விலையை ஏரி கொடுக்கிறது. கிளையில் சிக்கி அறுந்ததும், கிழிந்து தூக்கியெறியப்பட்டதும் அடியில் தங்குகின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் சார்ல்ஸ்டன் ஏரியை முன்வைத்து நடந்த, 2014இல் வெளியான ஆய்வில், பலவகை மென் பிளாஸ்டிக் இரைகளை இரண்டு ஆண்டுகள் நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். சிதைவு என்று சொல்லும்படி ஏதும் இல்லை. பலவும் நீரை வாங்கி உப்பின. எடை சராசரியாக ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. தரையில் கிடக்கும் உப்பிய புழுவை விழுங்கும் மீனின் வயிற்றில் அது உணவுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013இல் இவ்வகை இரைகளைத் தடைசெய்ய ஒரு மசோதா வந்து, எதிர்ப்புக்குப் பின் ஆய்வு நடத்துவதோடு நின்றது. 1925இல் பாஸ் இறக்குமதியாகி இன்று அயல் ஊடுருவியாகச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கும் ஜப்பானில், கவாகுச்சி ஏரியில் மென் பிளாஸ்டிக் இரைகளுக்கே தடை.

நெகிழ்விப்பான் சங்கிலிகளோடு பிணைவதில்லை என்று முன்னே சொன்னதன் விளைவு இங்கே தெரிகிறது. அது மெல்ல மெல்ல வெளியேறும். பழைய பிளாஸ்டிக் பெட்டிகளில் புழுக்களைப் போட்டு வைத்தவர்களுக்கு இது தெரியும்: சில மாதத்தில் பெட்டியின் அடித்தட்டே இளகிக் குழைந்துவிடும். புழுவிலிருந்து கசிந்த எண்ணெய் பெட்டியின் பிளாஸ்டிக்கையும் நெகிழ்த்துகிறது. வேறு வேறு நிறப் புழுக்களை ஒன்றாக வைத்தால் சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறும். பெட்டியில் நடப்பது ஏரியிலும் மெதுவாக நடக்கும். இவ்வகை எண்ணெய்களில் தாலேட்டுகள் என்ற குடும்பத்தில் சில ஹார்மோன்களைக் குழப்புபவை என்று தெரிந்தபின், தாலேட் இல்லாத கலவைகளுக்குப் பல உற்பத்தியாளர்கள் மாறினார்கள்.

மாற்றுப் பொருள்கள் இல்லாமல் இல்லை. நீரை அடிப்படையாகக் கொண்ட, உணவுப் பொருளால் ஆன மென்னிரைகள் கடையில் கிடைக்கின்றன; வெயிலில் காய்ந்து கல்லாகும், எளிதில் கிழியும். ரப்பர்போல் இழுபடும் வேறு வகைப் பாலிமர்கள் எளிதில் கிழியாது, ஆதலால் முள்ளிலிருந்து நழுவி ஏரிக்குள் போவது குறைவு. போய்விட்டால் நெடுநாள் கிடக்கும். நாள் முழுக்க வெயிலையும் மீனின் தாடையையும் தாங்கிவிட்டு, ஏரியின் அடியில் ஓராண்டுக்குள் கரைந்துபோக வேண்டும் என்பது ஒரே பொருளிடம் கேட்கும் இரண்டு எதிர் வரங்கள்.

அந்தப் பொருள் வரும்வரை கையில் இருப்பது ஒன்று. பிளாஸ்டிசால் புழுவை மறுபடி உருக்கி மறுபடி வார்க்கலாம். சங்கிலிகள் வேதிப் பிணைப்பால் பூட்டப்படாததால் சூடு பட்டால் மீண்டும் இளகும். அதனால் கிழிந்த புழுவுக்கும் மதிப்புண்டு, படகில் அதற்கென ஒரு டப்பா இருந்தால் போதும். மீனின் மூன்று கேள்விகளுக்கும் இந்தப் புழு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. தன் அடியில் கிடக்கும் புழுவை என்ன செய்வது என்று ஏரி கேட்கும் நான்காவது கேள்விக்குப் பதில் இப்போதைக்குப் புழுவிடம் இல்லை, அதைத் தூண்டிலில் கோக்கிறவரிடம்தான் இருக்கிறது.